தாயும் தானே, தந்தையும் தானே

கானாவாழையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரமான மண்ணில் தரையோடு படரும் களை. காலையில் நீலமாக ஒரு சின்னப் பூ விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அடுத்த முறை கண்ணில் பட்டால் வேரோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்கு அடியில், வெளிறிய தண்டுகளில், மொட்டு போன்ற சில உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவையும் பூக்கள்தான். கடைசிவரை திறக்காத பூக்கள். அங்கே வண்டு வராது, காற்று நுழையாது. ஆனாலும் உள்ளே விதை முற்றிக்கொண்டிருக்கும்.

மகரந்தம் எங்கிருந்து வந்தது? அதே பூவிலிருந்துதான். அந்த விதைக்குத் தாயும் தந்தையும் ஒரே செடி. இதற்குத்தான் தன்கருவுறுதல் என்று பெயர். ஒரே உயிரின் ஆண் அணுவும் பெண் அணுவும் சேர்ந்து அடுத்த தலைமுறையை உருவாக்குவது. ஒரே பூவுக்குள் நடந்தாலும் சரி, ஒரே செடியின் இரண்டு பூக்களுக்கு இடையில் நடந்தாலும் சரி, மரபணுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தன்கருவுறுதல் என்றதும் பலர் நகலெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது நகல் இல்லை. கிழங்கை வெட்டி நட்டு வளர்ப்பதும், பதியன் போடுவதும்தான் நகல். சில பல்லிகளும் அசுவினிகளும் விந்தணுவே இல்லாமல் பிள்ளை பெறுகின்றன. அது கன்னி இனப்பெருக்கம், வேறு கதை. தன்கருவுறுதலில் குன்றல் பகுப்பு முறைப்படி நடக்கிறது. பெற்றோரிடம் ஜோடியாக இருக்கும் மரபணுக்கள் பிரிந்து, கலைந்து, ஒவ்வொரு அணுவுக்கும் ஜோடியில் ஒன்று மட்டும் போகிறது. பிறகு இரண்டு அணுக்கள் இணைகின்றன. ஆகவே பிள்ளை பெற்றோரின் அச்சாக இருக்க வேண்டியதில்லை. ஒரே சீட்டுக்கட்டைக் கலைத்து மறுபடி பங்கு போடுவது போலத்தான். புதுச் சீட்டு எதுவும் வெளியிலிருந்து வராது, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தச் சின்ன வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கிறது.

ஒரு மரபணுவுக்கு A, a என இரண்டு வடிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செடியிடம் இரண்டும் இருக்கின்றன, அதாவது Aa. அது தன்னோடு தானே சேர்ந்தால் பிள்ளைகளில் கால் பங்கு AA, கால் பங்கு aa, பாதி மட்டும் Aa. அடுத்த தலைமுறையில் AA செடிகள் AA பிள்ளைகளையே பெறும், aa செடிகள் aa பிள்ளைகளையே பெறும். Aa செடிகளின் பிள்ளைகளில் மறுபடி பாதிதான் Aa. இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகக் குறையும். நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை என்று இறங்கி, ஏழே தலைமுறையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கிரெகர் மெண்டல். 1866இல் அவர் வெளியிட்ட பட்டாணிக் கட்டுரையிலேயே இது இருக்கிறது. ஒவ்வொரு செடியும் நான்கு விதை தருவதாக வைத்துக்கொண்டு பத்தாவது தலைமுறைக்குக் கணக்கிட்டார். 2048 செடிகளில் 1023 ஒரு வகையில் நிலைத்திருக்கும், 1023 மறு வகையில் நிலைத்திருக்கும், கலப்பாக மிஞ்சுவது வெறும் இரண்டு. பட்டாணியை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே, மூடிய இதழ்களுக்குள் மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படியே நடந்ததால் ஒவ்வொரு ரகமும் மாறாத குணத்தோடு அவர் கைக்கு வந்தது. பட்டாணி ஒரு தன்கருவுறும் செடியாக இல்லாவிட்டால் மரபியலின் முதல் பாடம் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, கலப்பு குறைந்தால் என்ன கெட்டுப்போகும்? ஒவ்வோர் உயிரும் தனக்குள் பழுதான மரபணுக்கள் சிலவற்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கு பண்புகள். ஜோடியில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதாக அமைந்துவிட்டால்தான் ஆபத்து. அயலாரோடு சேரும்போது இரண்டு பேருக்கும் அதே இடத்தில் அதே பழுது இருப்பது அபூர்வம். தன்னோடு தானே சேரும்போது கதை மாறிவிடும். மறைந்திருந்த ஒவ்வொரு பழுதும் பிள்ளைகளில் கால் பங்கில் வெளியே வரும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்க வெப்பமண்டலக் கடலோரங்களில் வளரும் சிவப்புக் கண்டல் மரம் பெரும்பாலும் தன்கருவுறுவது. கண்டலின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட பச்சை நாற்றாகத் தொங்கும். சில மரங்களில் பச்சை நாற்றுகளுக்கு நடுவே பச்சையமே இல்லாத வெளிறிய நாற்றுகளும் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. தாய் மரம் பசுமையாகத்தான் நிற்கிறது. அது மறைத்து வைத்திருந்த பழுது ஒன்று அதன் கிளையிலேயே தொங்குகிறது. அந்த வெளிறிய நாற்றுகள் தாயை விட்டுப் பிரிந்தால் பிழைக்காது. மெண்டலின் விகிதத்தை ஒரு மரமே கிளையில் எழுதிக் காட்டுவதாக எனக்குத் தோன்றும்.

இப்படிப் பிள்ளைகள் நலிவதை உட்கலப்பு வீழ்ச்சி என்கிறார்கள். அதைப் பொறுமையாக அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். வேறு எதற்காகவோ ஒரு செடியின் தன்கருவுற்ற விதைகளையும், வேறு செடியின் மகரந்தத்தால் கருவுற்ற, அதாவது அயல்கருவுற்ற விதைகளையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் விதைத்தார். அயல்கருவுற்ற பாத்தி மற்றதைவிட நன்றாக ஓங்கி வளர்ந்திருந்ததைக் கண்டு வியந்து, பதினோரு ஆண்டுகள் சோதனை செய்து, 1876இல் அதை ஒரு நூலாகவே வெளியிட்டார். ஐப்போமியா பர்ப்யூரியா என்ற கொடியைப் பத்துத் தலைமுறைக்கு வளர்த்தார். அயல்கருவுற்றவற்றின் உயரம் 100 என்றால் தன்கருவுற்றவற்றின் சராசரி உயரம் 77. ஆனால் ஆறாவது தலைமுறையில் தன்கருவுற்ற கொடி ஒன்று தன் போட்டியாளரையே முந்திக்கொண்டு ஏறியது. டார்வின் அதற்கு ‘ஹீரோ’ என்று பெயர் வைத்தார். அதன் வாரிசுகளும் திடமாக வளர்ந்தன.

ஹீரோவை வெறும் விதிவிலக்காக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்று நாம் அறிந்த ஓர் உண்மை அதற்குப் பொருந்துகிறது. பழுது வெளியே வந்தால், அதைச் சுமக்கும் செடி சாகும். செத்தால் அந்தப் பழுது அந்த வம்சத்திலிருந்தே நீங்கிவிடும். ஆகவே நெடுங்காலம் தன்கருவுற்று வந்த வம்சங்களில் கொடிய பழுதுகள் ஏற்கனவே சலித்து எடுக்கப்பட்டிருக்கும். பட்டாணியும் கோதுமையும் நெல்லும் தலைமுறை தலைமுறையாகத் தன்கருவுற்றும் திடமாக நிற்பது இதனால்தான். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறிதளவே தீங்கு செய்யும் பழுதுகள் இந்தச் சல்லடையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. அவை மெல்லச் சேர்ந்துகொண்டே போகும்.

இத்தனை கேடு இருந்தும் தன்கருவுறுதல் ஏன் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது? இரண்டு காரணங்கள். அதில் ஒன்று கொஞ்சம் கணக்கு, பொறுமையாகப் பாருங்கள்.

1941இல் மரபியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சொன்னது இது. அயல்கருவுறும் ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தான் பெறும் விதையில் அதற்கு ஒரு பங்கு, மறு பங்கு யாரோ ஒருவருடையது. தன் மகரந்தம் போய்ச் சேர்ந்த வேறொரு செடியின் விதையிலும் அதற்கு ஒரு பங்கு. மொத்தம் இரண்டு. இப்போது அதே கூட்டத்தில் ஒரு செடிக்குத் தன்னைத் தானே கருவுறச் செய்யும் திறன் வந்துவிட்டது. தன் விதையில் அதற்கு இரண்டு பங்கு. வெளியே போகும் மகரந்தத்தால் அடுத்தவர் விதையில் ஒரு பங்கு. மொத்தம் மூன்று. அதாவது தன்கருவுறச் செய்யும் மரபணுவுக்குப் பிறவியிலேயே மூன்றுக்கு இரண்டு என்ற முந்துகை இருக்கிறது. தன்கருவுற்ற பிள்ளைகளின் பிழைப்புத் திறன் அயல்கருவுற்ற பிள்ளைகளில் பாதிக்கும் கீழே சரிந்தால்தான் அந்த முந்துகை அழியும். பாதிக்கு மேல் இருந்தால் அது கூட்டத்தில் பரவிவிடும்.

இரண்டாவது காரணத்துக்குக் கணக்கே வேண்டாம். துணை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தொலைவில் ஒரு தீவுக்கு ஒரே ஒரு விதை போய்ச் சேர்கிறது. அயல்கருவுற்றே தீர வேண்டிய செடி என்றால் அந்த வம்சம் அதோடு முடிந்தது. தன்கருவுறக்கூடியது என்றால் அந்த ஒற்றை விதையிலிருந்து ஒரு காடே உருவாகலாம். தொலைதூரத் தீவுகளில் குடியேறியவற்றில் தன்கருவுறக்கூடியவை அதிகம் இருப்பதை 1955இல் தாவரவியலாளர் ஹெர்பர்ட் பேக்கர் சுட்டிக்காட்டினார். களைகள் பல இப்படிப்பட்டவையாக இருப்பதும் தற்செயல் அல்ல. என் பார்வையில் தன்கருவுறுதலின் வேர் இந்தத் தனிமைதான். ஃபிஷரின் கணக்கு அழகானது, ஆனால் விலங்குகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தனிமையின் தடயம்தான் எங்கும் தெரிகிறது. விலங்குகளுக்குப் பிறகு வருவோம்.

முதலில், பெரும்பாலான செடிகள் இதை எப்படித் தடுக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே பூவில் கைதொடும் தூரத்தில் இருக்கும்போது தடுப்பது எளிதல்ல. செங்காந்தள் பூவைக் கவனித்தால் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத் தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். சூரியகாந்தியில் ஒவ்வொரு சிறு பூவும் முதலில் மகரந்தத்தைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் சூல்முடியை விரிக்கும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆனால் எல்லாவற்றையும்விட நுட்பமானது வேதியியல் காவல். கடுகுக் குடும்பத்தில் சூல்முடியில் ஒரு பூட்டு, மகரந்தத்தின் மேலுறையில் ஒரு சாவி. இரண்டும் பொருந்தினால் ‘இது நம் வீட்டுப் பிள்ளை’ என்று தெரிந்துகொண்டு சூல்முடி அதை முளைக்க விடாது. நம் வழக்கமான பூட்டுக்கு நேர்மாறாக, பொருந்தாத சாவிக்குத்தான் இங்கே கதவு திறக்கிறது. கத்தரிக் குடும்பத்தில் மகரந்தம் முளைத்து, குழாயும் இறங்கத் தொடங்கிவிடும். வழியில் சூல்தண்டு ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் கொண்டு அந்தக் குழாயை நிறுத்திவிடும்.

இப்படி ஒரு காவல் அமைப்பைக் கட்டியெழுப்புவது கடினம். உடைப்பது சுலபம். ஒரு துண்டு கெட்டால் போதும். அராபிடாப்சிஸ் தாலியானா என்ற சிறு செடி, உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்வது, இந்த வகையில் நல்ல சாட்சி. அதன் உறவினர்கள் பெரும்பாலும் அயல்கருவுறுபவை, இதுவோ தன்கருவுறுகிறது. ஐரோப்பாவில் வளரும் பெரும்பாலான அராபிடாப்சிஸ் செடிகளில் சாவி மரபணுவில் 213 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தத் துண்டை நேராக்கி ஒரு ரகத்துக்குள் செலுத்தினார்கள். அந்தச் செடி மறுபடி தன் மகரந்தத்தை மறுக்கத் தொடங்கியது. எத்தனையோ ஆயிரம் தலைமுறைக்கு முன் பூட்டப்பட்ட ஒரு கதவின் சாவி இவ்வளவு சிறியதாக இருந்ததை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவல் போனபின் பூவின் உருவமும் மாறத் தொடங்கும். பூச்சியை அழைக்க வேண்டியதில்லை என்றால் பெரிய இதழ் எதற்கு, தேன் எதற்கு, மணம் எதற்கு? மகரந்தமும் கொஞ்சம் போதும். 1977இல் குரூடன் என்ற தாவரவியலாளர் ஒரு சூலுக்கு எத்தனை மகரந்தத் துகள் என்று பல செடிகளில் எண்ணினார். முழுக்க அயல்கருவுறும் செடிகளில் சராசரியாக ஏறத்தாழ 5,800. திறக்காத பூக்களில் ஐந்துக்கும் குறைவு. தக்காளியில் இந்த மாற்றம் மனிதர் கையில் நடந்தது. காட்டு உறவினர்களில் சூல்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயிரான தக்காளியில் அது குட்டையாகி உள்ளேயே நின்றுவிட்டது. தன் மகரந்தம் தன் தலையிலேயே விழும்.

சில பூக்கள் கடைசி நேரம்வரை காத்திருக்கின்றன. அந்திமந்தாரை மாலையில் விரிந்து அந்துப்பூச்சிகளுக்காக இரவெல்லாம் திறந்திருக்கும். காலையில் வாடும்போது சூல்தண்டும் மகரந்தத் தாள்களும் ஒன்றாகச் சுருண்டு தொட்டுக்கொள்ளும். யாராவது வந்திருந்தால் நல்லது, வராவிட்டாலும் விதை உண்டு. சீனாவில் மரங்களின் மேல் வளரும் ஹோல்கோகுளோசம் அமேசியானம் என்ற ஆர்க்கிட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காற்று வீசாத, பூச்சிகள் அரிதான வறண்ட நாட்களில் பூக்கும் அது, தன் மகரந்தப்பையைத் தானே 360 பாகை சுழற்றித் தன் சூல்முடிக்குள் செருகிக்கொள்கிறது.

அப்புறம் விலங்குகள். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் இருக்கும் இருபால் உயிரிகள் விலங்கினங்களில் ஐந்தாறு சதவீதம்தான். பூச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இருபால் என்றாலே தன்கருவுறும் என்று அர்த்தமில்லை. மண்புழு இருபால் உயிரிதான், ஆனாலும் பெரும்பாலும் ஜோடி சேர்கிறது. சியோனா என்ற கடல் உயிரி முட்டையையும் விந்தையும் ஒரே தண்ணீரில் விடுகிறது, ஆனால் தன் விந்தைத் தன் முட்டையே ஏற்பதில்லை. கடுகுச் செடியின் காவலைப் போன்ற ஒன்று, தனியாகவே, கடலுக்குள் தோன்றியிருக்கிறது.

ஃபைசா அக்யூட்டா என்ற நன்னீர் நத்தையைத் தனியே வைத்து வளர்த்தால், துணை உள்ள நத்தைகள் முட்டையிடத் தொடங்கும் வயதைத் தாண்டியும் ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்கும். துணை வரவே இல்லை என்றானபின் தன்கருவுற்று முட்டையிடும். அந்திமந்தாரைக்கும் இந்த நத்தைக்கும் பொதுவான மூதாதையை நூறு கோடி ஆண்டுகளுக்கும் அப்பால்தான் தேட வேண்டும். இருந்தும் இரண்டும் கண்டுபிடித்த வழி ஒன்றே. மேக்ரோஸ்டோமம் ஹிஸ்ட்ரிக்ஸ் என்ற தட்டைப்புழு வேறு மாதிரி. அதன் ஆண் உறுப்பு ஊசி போன்றது, உடலின் பின்பகுதியில் இருப்பது. தனித்து வைக்கப்பட்ட புழுக்களின் தலைப்பக்கத்தில் விந்தணுக்கள் குவிந்திருப்பதை 2015இல் கண்டார்கள். புழு உடலை வளைத்துத் தன் தலையிலேயே ஊசி போட்டுக்கொள்கிறது என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம்.

முதுகெலும்பு உள்ளவற்றில் தன்கருவுறுவதாக அறியப்பட்டது மீன்களில் ஒரே ஒரு சிறு குழு. சற்று முன் சொன்ன சிவப்புக் கண்டலின் காடுகளில்தான் அது வாழ்கிறது. கிரிப்டோலெபியஸ் மார்மொராட்டஸ், விரல் நீளம்கூட இல்லாத கில்லி மீன். அதன் உடலில் ஒரே உறுப்பு முட்டையும் விந்தும் இரண்டும் தருகிறது. உள்ளேயே கருவுற்று முட்டையாக வெளியே வரும். இதை 1961இல் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் தெரிவித்தார். நண்டு வளைகளிலும் வற்றிப்போகும் குட்டைகளிலும் வாழும் மீன் அது. தண்ணீர் வற்றினால் மக்கிய மரக்கட்டைக்குள் ஈரத்தில் ஒடுங்கி இரண்டு மாதத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். அப்படி ஒரு மூலையில் ஒற்றையாக அடைபட்டுக் கிடக்கும் மீனுக்குத் துணையில்லாமலே வம்சம் வளர்க்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஃபுளோரிடாவில் ஆண் மீன்கள் மிக அரிது. பெலீசின் சில தீவுகளில் ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு ஆண்கள் உண்டு, அங்கே மரபணுக் கலப்பும் நடக்கிறது.

அறிவியலுக்கு மிகவும் உதவிய தன்கருவுறும் விலங்கு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். 1963இல் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்தார். இந்தப் புழு வளரும் பருவத்தில் முதலில் சுமார் 300 விந்தணுக்களை உண்டாக்கிச் சேமித்துவிட்டு, அதன்பின் முட்டை உண்டாக்குவதற்கு மாறிவிடும். விந்தணு தீர்ந்தால் பிள்ளைப்பேறும் தீர்ந்தது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு ஆண் புழுவாகப் பிறக்கும். ஆணோடு சேர்ந்தால் அதன் விந்தணுக்களே முந்திக்கொள்ளும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் பல மடங்காகும். பிரென்னருக்குப் பிடித்தது இதன் தன்கருவுறும் குணம். மரபணு பழுதுபட்டு நகரவே முடியாத புழுகூடத் துணையைத் தேடிப் போகாமல் பிள்ளை பெறும். அதனால் எந்தப் பழுதையும் ஒரு வம்சமாகவே வைத்து ஆராய முடிந்தது.

கடைசியாக, நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி. 1957இல் தாவரவியலாளர் லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் தன்கருவுறுதலை முட்டுச்சந்து என்றார். அதற்கு ஆதாரம் உண்டு. அயல்கருவுறுதலிலிருந்து தன்கருவுறுதலுக்கு மாறியவை ஏராளம், திரும்பி வந்தவை அரிதிலும் அரிது. கத்தரிக் குடும்பத்தை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, காவலை இழந்த இனங்கள் வேகமாகப் புது இனங்களாகப் பிரிகின்றன, ஆனால் அதைவிட வேகமாக அழிகின்றன. காரணம் நாம் ஏற்கனவே பார்த்ததுதான். ஜோடி மரபணுக்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டால் எத்தனை முறை கலைத்தாலும் அதே சீட்டுகள்தான் விழும். சுற்றுச்சூழல் மாறும்போது புதிதாக எடுத்துப்போட எதுவும் இருக்காது.

2011இல் இதைப் பிரென்னரின் புழுவை வைத்தே சோதித்தார்கள். தன்கருவுற மட்டுமே முடிந்த புழுக்களைச் செராசியா மார்செசென்ஸ் என்ற கொல்லும் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்து, அந்தப் பாக்டீரியாவும் தலைமுறைதோறும் புழுவுக்கு ஏற்ப மாறிக்கொண்டே வரும்படி விட்டார்கள். இருபது தலைமுறைக்குள் அந்தப் புழுக்கள் எல்லாம் அழிந்தன. ஆண்களோடும் சேரலாம், தனியாகவும் பெறலாம் என்றிருந்த கூட்டங்களில் ஆண்கள் பெருகினார்கள், கலப்பு கூடியது, கூட்டங்கள் பிழைத்தன. இன்னொரு வரிசையில் பாக்டீரியாவை மாறவிடாமல் ஒவ்வொரு முறையும் பழைய இருப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். அங்கேயும் முதலில் ஆண்கள் பெருகினார்கள். ஆனால் புழுக்கள் அந்த மாறாத எதிரிக்குப் பழகியதும் ஆண்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கே இறங்கியது, புழுக்கள் மறுபடி தம்மோடு தாமே சேரத் தொடங்கின.